கடைக் கம்ப்யூட்டர் தடுமாறுகிறதா? முதலில் கணக்கைக் காப்பாற்றுங்கள்!

ஆரணியில் அரிசி மண்டியானாலும் மளிகைக் கடையானாலும் பட்டு வியாபாரமானாலும், பேரேட்டின் இடத்தில் இன்று பெரும்பாலும் கம்ப்யூட்டர் உட்கார்ந்திருக்கிறது. நம்மில் சிலர் 2007ஆம் ஆண்டு ஜனவரியில் வாட் வரி வந்தபோது வாங்கினோம். பலர் 2017ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் தேதி ஜி.எஸ்.டி. வந்தபோது வாங்கினோம். அப்படி வாங்கிய மேசைக் கம்ப்யூட்டர்கள் பலவும் இன்றும் கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் ஓடிக் கொண்டிருக்கின்றன. ஓடுகின்றன என்பதைவிட நடக்கின்றன என்பதே பொருத்தம். காலையில் கடை திறந்து சுவிட்சைப் போட்டால், வாசல் தெளித்து ஊதுபத்தி ஏற்றி முதல் போணி ஆகும் வரையிலும் திரையில் அந்த வட்டம் சுற்றிக் கொண்டே இருக்கிறது. பில் கேட்டவர் எதிரே நிற்கிறார். நாமும் திரையைப் பார்த்துக் கொண்டு நிற்கிறோம்.

இந்தத் தாமதத்துக்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பது ஹார்ட் டிஸ்க். அது மெதுவாவது இரண்டு வகை. ஒன்று சோம்பல், மற்றொன்று நோய். சோம்பல் என்றால் ஆற அமரச் சரி செய்து கொள்ளலாம். நோய் என்றால் அது ஒரு நாள் திடீரென்று நின்று விடும். உள்ளே இருக்கும் கணக்கும் அதோடு போகும். சங்கடம் என்னவென்றால், வெளியிலிருந்து பார்க்கும்போது இரண்டும் ஒன்று போலவே தெரியும். ஆகவே இந்தக் கட்டுரையில் பல யோசனைகள் சொன்னாலும், முதல் யோசனை ஒன்றே: எந்தப் பழுதையும் தேடுவதற்கு முன் கணக்கை நகல் எடுத்து விடுங்கள்.

ஏன் மெதுவாகிறது?

ஹார்ட் டிஸ்க் என்பது மூடிய பெட்டிக்குள் சுழலும் தட்டு. தட்டின் மேல் காந்தப் பூச்சு இருக்கிறது. அதைத் தொடாமல் மேலே மிதந்தபடி படிக்கவும் எழுதவும் ஒரு சிறு தலை, அதைத் தாங்கும் கை. 1956ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனம் கொண்டு வந்த முதல் ஹார்ட் டிஸ்க்கில் 24 அங்குல அகலமுள்ள 50 தட்டுகள் இருந்தன; அத்தனையும் சேர்ந்து சுமார் 50 லட்சம் எழுத்துகளைத்தான் தாங்கின. இன்று நம் மேசையில் இருப்பது அதைவிடப் பல்லாயிரம் மடங்கு கொள்ளளவு உடையது. ஆனால் வேலை செய்யும் முறை அதேதான்: தட்டு சுழல வேண்டும், கை நகர வேண்டும்.

தாமதம் இங்கேதான் பிறக்கிறது. நமது கம்ப்யூட்டர்களில் உள்ள டிஸ்க் பெரும்பாலும் நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றும். ஒரு சுற்றுக்கு ஒரு விநாடியில் ஆயிரத்தில் எட்டுப் பங்கு நேரம். வேண்டிய இடம் தலைக்கு நேரே வருவதற்குச் சராசரியாக அரைச் சுற்றுக் காத்திருக்க வேண்டும். கை நகர்வதற்கு மேலும் எட்டு, ஒன்பது பங்கு. கூட்டிப் பார்த்தால் ஒரு விநாடியில் சுமார் 80 இடங்களுக்குத்தான் போய் வர முடியும். ஒரே வரிசையில் உள்ளதைப் படிக்கும்போது விநாடிக்கு 100 எம்.பி. வரை வேகமாகப் படிக்கும் அதே டிஸ்க், 800 இடங்களில் சிதறிக் கிடப்பதை எடுக்கச் சொன்னால் பத்து விநாடி எடுத்துக் கொள்கிறது. மளிகைச் சீட்டில் உள்ள சரக்கெல்லாம் ஒரே அலமாரியில் இருந்தால் பையன் ஒரே நடையில் எடுத்து வருவான். பத்துச் சரக்கு பத்து மூலையில் இருந்தால்? கால் நோவது அவனுக்கு, காத்திருப்பது வாடிக்கையாளருக்கு.

முதல் வேலை: நகல்

நமது ஊரில் கடன் வியாபாரம் தவிர்க்க முடியாதது. தறி நெய்யும் குடும்பம் அரிசி, பருப்பு, எண்ணெயைக் கணக்கில் வாங்கிக் கூலி வந்ததும் கட்டும். பட்டு வியாபாரியிடம் எந்தத் தறிக்கு எத்தனை பாவு போயிற்று, எவ்வளவு ஜரிகை போயிற்று, முன்பணம் எவ்வளவு என்ற கணக்கு இருக்கும். இது அழிந்தால் நஷ்டம் கடைக்காரருக்கு மட்டும் அல்ல. பாதி கட்டியவருக்கு, கட்டியதற்கான சான்று நம் கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது. அது போய்விட்டால் இருபது வருடப் பழக்கமும் ஒரு நாள் பேச்சில் கெட்டு விடும். எழுதாக் கணக்கு அழுதாலும் தீராது என்பார்கள். எழுதி அழிந்த கணக்கும் அப்படித்தான்.

சட்டமும் இதையே சொல்கிறது. ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36ஆம் பிரிவின்படி, ஓர் ஆண்டுக்கான ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் வரை கணக்குகளைப் பாதுகாக்க வேண்டும். உதாரணமாக 2023-24ஆம் ஆண்டுக்கான ஆண்டு ரிட்டர்னின் கடைசித் தேதி 31.12.2024. ஆகவே அந்த ஆண்டின் கணக்கு 31.12.2030 வரை நம் கையில் இருக்க வேண்டும். கம்ப்யூட்டரில் கணக்கு வைப்பவர்கள், விபத்தால் அழிந்தாலும் மீட்டெடுக்கும்படி முறையான நகல் வைத்திருக்க வேண்டும் என்று ஜி.எஸ்.டி. விதிகளில் 57ஆம் விதி கூறுகிறது. "டிஸ்க் போய்விட்டது" என்று அதிகாரியிடம் சொல்வது பதில் ஆகாது.

நகல் எடுக்கும் முறை இது:

1. டாலி போன்ற கணக்கு மென்பொருளில் "பேக்கப்" என்ற கட்டளை இருக்கும். அதைக் கொண்டு வெளியில் செருகும் ஹார்ட் டிஸ்க் ஒன்றுக்கு நகல் எடுக்கவும். பென் டிரைவ் ஆத்திர அவசரத்துக்கு உதவும்; அதையே நம்பி இருக்கக் கூடாது.

2. அதோடு கணக்கு இருக்கும் ஃபோல்டரையும் அப்படியே நகல் எடுத்துக் கொள்ளவும். பில் மென்பொருள் வேறாக இருந்தால் அதன் ஃபோல்டர் எங்கே இருக்கிறது என்று விற்றவரிடம் கேட்டு எழுதி வைக்கவும்.

3. எடுத்த நகலை இன்னொரு கம்ப்யூட்டரில் திறந்து, நேற்றைய கடைசி பில் தெரிகிறதா என்று பார்க்கவும். திறந்து பார்க்காத நகல், எடை போடாமல் இறக்கிய மூட்டை போன்றது.

நகல் எடுக்கும்போதே டிஸ்க் நின்று நின்று போனால், முதலில் கணக்கு ஃபோல்டரை மட்டும் எடுங்கள். படங்களும் பாட்டுகளும் பிறகு ஆகட்டும். உள்ளிருந்து "டிக், டிக்" என்று ஒரே சீராகத் தட்டும் ஓசை வந்தால் உடனே மின்சாரத்தை நிறுத்தி விடுங்கள். அது தலையும் கையும் தடுமாறும் ஓசை. மீண்டும் மீண்டும் போட்டுப் பார்க்கப் பார்க்கத் தட்டு கீறிக் கொண்டே போகும். திருகாணியைக் கழற்றித் திறப்பதும், குளிர்பெட்டியில் வைத்துப் பார்ப்பதும் கூடவே கூடாது. அந்த நிலையில் தகவல் மீட்பு செய்கிற நிபுணரிடம் கொண்டு போவதே வழி. அதற்கு ஆகும் செலவு புது டிஸ்க்கின் விலையைப் போலப் பல மடங்கு.

நகல் எடுப்பதற்கு முன்னால் டிஸ்க்கைச் சோதித்துத் திருத்தும் "செக் டிஸ்க்" கட்டளையையும், அடுக்கிச் சீராக்கும் "டீஃபிராக்" கட்டளையையும் ஓட விடாதீர்கள். நோய் பிடித்த டிஸ்க்குக்கு அந்த மணிக்கணக்கான வேலையே கடைசி வேலையாகி விடலாம்.

நோயா, சோம்பலா?

நகல் கைக்கு வந்த பிறகு நிதானமாகப் பார்க்கலாம். எல்லா வேலையும் ஒரே சீராக மந்தமாக இருந்தால் பெரும்பாலும் சோம்பல். நன்றாக ஓடிக் கொண்டிருந்தது திடீரென்று அரை நிமிடம் உறைந்து மறுபடி ஓடினால், அல்லது குறிப்பிட்ட ஒரு கணக்கைத் திறக்கும்போதெல்லாம் உறைந்தால், நோய் என்று சந்தேகிக்கலாம்.

உறைவதற்குக் காரணம் இது. தட்டில் ஓரிடம் கெட்டு விட்டால், டிஸ்க் அந்த இடத்தை விடாமல் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கும். ஓரிடத்துக்கே பல விநாடிகள் போய்விடும். தறியில் பாவு இழை அறுந்தால் நாடாவை நிறுத்தி முடிச்சுப் போட்டுவிட்டுத்தானே நெசவைத் தொடர முடியும்? ஒன்றிரண்டு இழை என்றால் பரவாயில்லை. முழத்துக்கு முழம் அறுந்தால் பாவே சரியில்லை என்று பொருள்.

டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் ஏற்பாடு ஒன்று உண்டு. அதற்கு "ஸ்மார்ட்" என்று பெயர். "கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ" என்ற இலவச மென்பொருளைப் போட்டால் அந்தக் குறிப்புகளைப் படிக்கலாம். அதில் நாம் பார்க்க வேண்டியவை நான்கு. கெட்ட இடத்துக்குப் பதிலாக மாற்று இடம் கொடுத்த எண்ணிக்கை (05ஆம் வரி), படிக்க முடியாமல் காத்திருக்கும் இடங்கள் (சி5), திருத்த முடியாதவை (சி6), கேபிள் வழியாக வரும்போது கெட்ட தகவல்கள் (சி7). முதல் மூன்றில் பூஜ்யத்துக்கு மேல் எண் இருந்து, அது வாரத்துக்கு வாரம் ஏறினால் டிஸ்க்கை மாற்றி விடுவதே நல்லது. சி7 மட்டும் ஏறினால் பெரும்பாலும் கேபிளைத்தான் மாற்ற வேண்டும். மதர்போர்டு விலைக்குப் பேச்சு நடக்கும் இடத்தில் இந்த ஒரு வரியைக் காட்டினால் செலவு கேபிளோடு முடியலாம்.

எல்லாம் "நன்று" என்று காட்டினால் அச்சமில்லையா? அப்படியும் இல்லை. கூகுள் நிறுவனம் தன்னிடம் ஓடிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஹார்ட் டிஸ்க்குகளை ஆராய்ந்து 2007ஆம் ஆண்டு முடிவுகளை வெளியிட்டது. தட்டைச் சோதிக்கும்போது முதல் பழுது தென்பட்ட டிஸ்க், அடுத்த 60 நாட்களில் பழுதாகி நிற்கும் வாய்ப்பு, பழுது தென்படாத டிஸ்க்கைவிட 39 மடங்கு அதிகம் என்று கண்டார்கள். அதே ஆய்வில், பழுதான டிஸ்க்குகளில் பாதிக்கும் மேற்பட்டவை முக்கியமான நான்கு எச்சரிக்கைக் குறிகளில் ஒன்றையும் காட்டாமலே நின்று போயின. எச்சரிக்கை வந்தால் நம்புங்கள். வரவில்லை என்பதற்காக நகலை விட்டு விடாதீர்கள்.

சோம்பலுக்குக் காரணங்கள்

டிஸ்க் நலமாக இருந்தால், கீழ்க்கண்ட வரிசையில் பார்த்து வரலாம். செலவில்லாதவையும் செலவு குறைந்தவையுமே இதில் அதிகம்.

ராம் போதாமை. கம்ப்யூட்டர் கையில் வைத்து வேலை செய்யும் இடம் ராம். அது நிறைந்து விட்டால் மிச்சத்தை ஹார்ட் டிஸ்க்கில் வைத்து வைத்து எடுக்கும். மேசை சிறிதாக இருந்தால் ஒவ்வொரு தாளுக்கும் பீரோவுக்கு எழுந்து போக வேண்டியிருப்பது போல. 2 ஜி.பி. ராமில் விண்டோஸ் 10 ஏற்றி வைத்திருந்தால் இதுதான் நோய்மூலம். பழி டிஸ்க் மேல் விழுகிறது, குறை ராமில் இருக்கிறது. 4 ஜி.பி.க்குக் குறையாமல், முடிந்தால் 8 ஜி.பி. போட வேண்டும்.

தேவையில்லாத கூட்டம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று பொத்தான்களையும் சேர்த்து அழுத்தினால் "டாஸ்க் மேனேஜர்" திறக்கும். விண்டோஸ் 8, 10 ஆகியவற்றில் "டிஸ்க்" என்ற பத்தியில் எந்த மென்பொருள் டிஸ்க்கை உபயோகிக்கிறது என்று தெரியும். அங்கே 100 சதவீதம் என்று நின்று கொண்டிருந்தால், மேலே இருக்கும் பெயர் யார் என்று பாருங்கள். இரண்டு ஆன்டி வைரஸ் மென்பொருள்கள் ஒன்றோடு ஒன்று போட்டி போட்டுச் சோதிப்பதும் உண்டு, ஒன்று போதும். அது முழுச் சோதனை செய்யும் நேரத்தை மதிய உணவு வேளைக்கு மாற்றி வைக்கவும். "ஸ்டார்ட் அப்" பகுதியில், காலையில் தானே ஏறும் மென்பொருள்களில் நமக்கு வேண்டாதவற்றை நிறுத்தவும்.

இடமின்மை. டிஸ்க்கில் ஐந்தில் ஒரு பங்கு காலியாக இருப்பது நல்லது. விழாப் படங்களும் சினிமாவும் கடைக் கம்ப்யூட்டரில் வேண்டாம். தட்டின் வெளிவட்டம் வேகமாகப் படிக்கும். நிறைய நிறைய உள்வட்டத்துக்குப் போக வேண்டியிருப்பதால் வேகமும் குறையும்.

சிதறல். முன்பே சொன்ன அலமாரிக் கதை இது. விண்டோஸ் 7 முதல் வாரம் ஒரு முறை தானாகவே அடுக்கிக் கொள்ளும் ஏற்பாடு இருக்கிறது. எக்ஸ்.பி.யில் நாமேதான் செய்ய வேண்டும். நகல் எடுத்து, டிஸ்க் நலம் என்று உறுதியான பிறகு, கடை மூடும் நேரத்தில் ஓட விடலாம்.

பழைய அகலக் கேபிள். ரிப்பன் போன்ற அகலமான கேபிள் உள்ள கம்ப்யூட்டரில் எக்ஸ்.பி. ஓடுகிறதென்றால் ஒரு விசேஷக் கோளாறு உண்டு. தகவல் போக்குவரத்தில் ஆறு முறை பிழை நேர்ந்தால், விண்டோஸ் தானாகவே டி.எம்.ஏ. என்ற வேக முறையை விட்டு பி.ஐ.ஓ. என்ற மந்த முறைக்கு இறங்கி விடும். பிறகு தானாக ஏறாது. விநாடிக்கு 100 எம்.பி. ஓடும் பாதையில் 16 எம்.பி.தான் ஓடும், பிராசஸரும் அதிலேயே கட்டுண்டு கிடக்கும். கேபிளை மாற்றி, "டிவைஸ் மேனேஜர்" பகுதியில் அந்த ஐ.டி.இ. சேனலை நீக்கி மறுபடி இயக்கினால், விண்டோஸ் அதைப் புதிதாகக் கண்டு வேக முறைக்குத் திரும்பும்.

தூசியும் சூடும் மின்சாரமும். மிளகாய்த் தூள், மாவு, தவிடு பறக்கும் இடத்தில் கம்ப்யூட்டர் இருக்கிறது. டிஸ்க்குக்குள் தூசி போகாதபடி வடிகட்டி இருக்கிறது. ஆனால் விசிறியும் பவர் சப்ளையும் அடைத்துக் கொண்டு பெட்டிக்குள் சூடு ஏறும். சித்திரை வெயிலில் டிஸ்க்கின் சூடு 50 டிகிரியைத் தாண்டுகிறதா என்று அதே இலவச மென்பொருளில் பார்க்கலாம். ஆயுத பூஜைக்குத் தராசைத் துடைத்துப் பொட்டு வைக்கிறோம்; அன்றைக்குக் கம்ப்யூட்டரின் உட்புறத்தையும் தூசி தட்டச் சொல்லலாம். மூட்டைக்கு அடியில் தள்ளி வைக்காமல், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் வைப்பது நல்லது. யு.பி.எஸ். பேட்டரி பெயருக்கு மட்டும் இருக்கிறதா என்று மாதம் ஒரு முறை சோதியுங்கள். எழுதும் நொடியில் மின்சாரம் போவது கணக்கு கெடுவதற்கு ஒரு முக்கியக் காரணம்.

எஸ்.எஸ்.டி. போடலாமா?

மேற்சொன்னவை எல்லாம் செய்தும் போதவில்லை என்றாலும், டிஸ்க் நோயாளி என்று தெரிந்தாலும், அடுத்த வழி எஸ்.எஸ்.டி. இதில் தட்டும் இல்லை, கையும் இல்லை; எல்லாம் சிப்பிலேயே. விநாடிக்கு 80 இடம் என்ற கணக்கு ஆயிரக்கணக்கில் ஏறிவிடும். ஏழெட்டு வருடக் கம்ப்யூட்டருக்கும் இது புது உயிர் கொடுக்கும். நாம் பார்க்க வேண்டியவை சில. கேபிள் ஒல்லியான சாட்டா வகையா? விண்டோஸ் 7 அல்லது அதற்குப் பிந்தியதா? இரண்டும் ஆம் என்றால் தடையில்லை. பழைய டிஸ்க் நலமாக இருந்தால் அதை அப்படியே புதியதற்குப் படியெடுத்துக் கொள்ளலாம். நோய் இருந்தால் விண்டோஸைப் புதிதாக ஏற்றி, நகலிலிருந்து கணக்கை மட்டும் கொண்டு வருவதே முறை. எஸ்.எஸ்.டி.க்கு "டீஃபிராக்" தேவையில்லை. அதுவும் ஒரு நாள் நிற்கக் கூடியதே. நிற்கும்போது ஓசை கூடக் கொடுக்காது. ஆகவே நகல் எடுக்கும் பழக்கம் தொடர வேண்டும்.

பணம் போடுவதற்கு முன் இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் எக்ஸ்.பி.க்கு 2014 ஏப்ரலிலும், விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஆம் தேதியும் வழக்கமான ஆதரவை நிறுத்தி விட்டது. பழைய கம்ப்யூட்டர்கள் பல விண்டோஸ் 11ஐ ஏற்காது. பில் மட்டும் போடும் கம்ப்யூட்டருக்கு எஸ்.எஸ்.டி. போதும்; அதில் இணையத்தைக் குறைத்துக் கொள்ளலாம். அதிலேயே வங்கி வேலையும் ஜி.எஸ்.டி. தாக்கலும் செய்பவர்கள் புதுக் கம்ப்யூட்டரின் விலையையும் விசாரித்துக் கொண்டு முடிவு செய்வது நல்லது.

கழற்றிய டிஸ்க்கைப் பழைய இரும்புக்குப் போட்டு விடாதீர்கள். வாடிக்கையாளர் பெயர், பாக்கி, நம் பாஸ்வேர்டு எல்லாம் அதில் இருக்கின்றன. ஆறு மாதம் பீரோவில் வைத்திருந்து, எதுவும் விட்டுப் போகவில்லை என்று தெரிந்த பிறகு முழுவதும் அழித்து அல்லது உடைத்துக் கொடுங்கள்.

தினசரிப் பழக்கம்

வெளியில் செருகும் டிஸ்க் இரண்டு வாங்குங்கள். ஒன்றில் இன்று, மற்றொன்றில் நாளை என்று மாற்றி மாற்றி நகல் எடுங்கள். ஒன்று எப்போதும் வீட்டில் இருக்கட்டும். 2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம் புகுந்தது போல ஓர் இரவு நம் கடைக்குள் தண்ணீர் புகுந்தால், கம்ப்யூட்டரும் நகலும் ஒரே மேசையில் இருப்பதால் பயன் என்ன? நகல் எடுத்ததும் டிஸ்க்கைக் கழற்றி விட வேண்டும். 2017 மே மாதம் உலகெங்கும் பரவிய "வான்னாக்ரை" வைரஸ் போன்றவை, செருகி வைத்திருக்கும் டிஸ்க்கையும் சேர்த்தே பூட்டி விடும். மாதக் கடைசியில் பாக்கிப் பட்டியலைத் தாளில் அச்சடித்து வைப்பதும் நல்லது. கரண்ட் இல்லாத நாளிலும் படிக்கலாம்.

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று கேட்கலாம். கல்லாவை எண்ணிப் பூட்டும் நேரத்தில் நகலும் எடுத்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். கல்லாவில் இருப்பது ஒரு நாள் பணம். டிஸ்க்கில் இருப்பது பல வருடத்து வரவும் பாக்கியும். நமது உறுப்பினர்கள் இந்த இதழைப் படித்த அன்றைக்கே முதல் நகலை எடுத்து, அதைத் திறந்து பார்த்து, தேதியை அதன் மேல் எழுதி வைக்குமாறு அன்புடன் கேட்டுக் கொள்கிறோம்.